அசன வளைவின் நடு வட்டம்

மே 5, செவ்வாய்

காலையில் வெயில். மத்தியானம் ஒரு மழை. கொடியில் கிடந்த வேட்டி மறுபடியும் நனைந்தது.

தினமும் நாலு வரியாவது எழுத வேண்டும் என்று எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். வேட்டி. எழுதிப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. எழுபது வருஷமாக வெறுமனே கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாயங்காலம் சபைக் கமிட்டி. 17ஆம் தேதி ஆராதனை முடிந்ததும் அசனம், ஊருக்கே சாப்பாடு. இந்தத் தடவை எல்லாவற்றிலும் ஒரே அடையாளப் படம் வேண்டுமாம். அழைப்பிதழ், வாசல் வளைவு, டோக்கன், பரிமாறுகிறவர்களின் பனியன். லோகோ என்று பெயர். வரைகிற வேலை என் மருமகள் செலினுக்கு. நாகர்கோவில் பிளக்ஸ் கடையை விட்டபின் சொந்தமாக வந்த முதல் வேலை. நான் கமிட்டியில் இருப்பதால் கிடைத்தது என்றார் பொருளாளர். உண்மைதான்.

செயலாளர், பொருளாளர். எழுதி முடிப்பதற்குள் கை நோகிறது. இனி செ., பொ.

மே 7, வியாழன்

செலின் படத்தைக் காட்டினாள். நீளமாக ஒரு வாழையிலை. அதற்கு மேல் ஏழு வட்டம். பந்தியில் இருப்பவர்களின் தலை. நடு வட்டம் மட்டும் கொஞ்சம் பெரிது. கீழே, ‘வாங்க, இருங்க, சாப்பிடுங்க.’ மூலையில் சின்னதாக, ‘வடிவமைப்பு: செலின்.’

"எழுத்து கொறவாட்டு இருக்கே மக்ளே. இன்னும் நாலு வரி போடு."

"ரோட்டுல போறவன் நின்னு வாசிப்பானா மாமா?"

"நான் நிப்பேன்."

"நீங்க மருந்துக் குப்பியக்கூட முழுசா வாசிக்கிய."

வாசித்தேன்தான். இருமல் மருந்து. ‘குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’ அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன். இப்போது எனக்கும் எட்டவில்லை. இருமல் இருக்கிறது.

"நடு வட்டம் யாரு?"

"யாருமில்ல. பாக்கவனுக்க கண்ணு வந்து நிக்க ஒரு எடம் வேணும்லா? அதுக்காக்கும்."

மே 9, சனி

புழுக்கம். கமிட்டியில் சண்டை.

செலின் கொண்டுவந்த படத்தை செ. வெகுநேரம் பார்த்தார். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. எங்களுக்க மூஞ்சி எங்க?"

வளைவு என்றால் மேலே சிலுவை, கீழே கமிட்டிக்காரர்களின் முகங்கள். அதுதான் இங்கே வழக்கம். போன அசனத்தில் வேத வசனத்தின் பாதி பொ.வின் தோளுக்குப் பின்னால் போய்விட்டதாம்.

"முகம் வச்சா இது அசனத்துக்க படம் இல்ல சார், உங்களுக்க படம்" என்றாள் செலின்.

பொ. எழுந்துவிட்டார். "நான் ஆடு தந்திருக்கேன். ஆட்டுக்க மூஞ்சியாவது போடுவியா?"

முகம் வந்தால் மூலையில் தன் பேர் வேண்டாம், பழைய கடைக்கே போய்விடுவேன் என்று சொல்லிவிட்டு செலின் வந்துவிட்டாள். முடிவு திங்களுக்குத் தள்ளிவைப்பு.

வீட்டில் அவள் வைத்த மீன்குழம்பில் உப்பு இல்லை. சாப்பிட்டு முடித்தேன்.

எனக்கு அந்த மூலைப் பேரை வளைவில் வாசிக்க வேண்டும்.

மே 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் செ.யை வேப்பமரத்தடியில் தனியாகப் பிடித்தேன்.

"அந்த நடு வட்டம் ஏன் பெருசு, தெரியுமா?"

"ஏன்?"

"நான் சொன்னேன்னு சொல்லாண்டாம். செயலாளர் இல்லாம பந்தி உண்டா?"

செ. போனில் படத்தை எடுத்து வெயிலுக்கு மறைத்துப் பார்த்தார். "காதுகூட எனக்க மாதிரித்தான் இருக்கு." வட்டத்தில் காது கிடையாது.

அடுத்து பொ. வீடு. அங்கே நடு வட்டம் அவர். அவருடைய மனைவியும் எட்டிப் பார்த்தாள். "வழுக்கை அச்சா வந்திருக்கு" என்றாள்.

பிறகு மற்றவர்களின் வீடு. கமிட்டியில் என்னையும் போதகரையும் தவிரப் பத்துப் பேர். ஒவ்வொரு வீட்டிலும் சாயா. கால் வலி, வயிற்றில் சாயா. போதகரிடம் மட்டும் சொல்லவில்லை. பாவம் என்று ஒன்று இருக்கிறதே.

மே 11, திங்கள்

கமிட்டி. எல்லோரும் ஒரே குரலில் முகம் வேண்டாம் என்றார்கள்.

"தாழ்மைதான் வேணும்" என்றார் பொ.

"ஆமென்" என்றார் செ.

செலின் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

குழம்பில் உப்பு சரி.

மே 14, வியாழன்

எல்லாம் அச்சாகி வந்துவிட்டது. டோக்கன். பனியன். பலகைகள்:

கை கழுவும் இடம்
இலை போடும் இடம்
செருப்பு இங்கே

மூன்றையும் சத்தமாக வாசித்தேன். கடைசிப் பலகையை வாசித்துவிட்டு செருப்பைக் கழற்றிப் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"தண்ணி டிரம்முக்குமா லோகோ?" என்று பொ. கேலி செய்தார். பிறகு அவரே ஒட்டினார், நடு வட்டம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி.

மே 16, சனி

நல்ல மழை. பந்தலுக்குள் தண்ணீர். வளைவு கட்டியாயிற்று.

காய் வெட்ட ஊரே வந்திருந்தது. பொ.வின் மனைவி கத்தரிக்காயை வைத்துக்கொண்டு, "நடுவுல இருக்கது எங்க வீட்டு ஆளாக்கும்" என்றாள்.

செ.யின் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "எந்த வீட்டு ஆளு? ஏட்டி, நல்ல கதையா இருக்கே!"

நான் தேங்காய் திருவுகிற பக்கம் நகர்ந்துவிட்டேன். அங்கேயும் அதே பேச்சு.

ஒரு மணி நேரத்தில் செ. செலினின் பழைய கடைக்கு போன் செய்துவிட்டார். முகங்கள் போட்டு ஒரு பிளக்ஸ். நாளைக்குச் சாப்பாட்டுக்கு முன் வளைவின் மேல் கட்டி எல்லாவற்றையும் மூடிவிடுவார்களாம்.

"மாமா, எத்தன பேருகிட்ட சொன்னிய?"

"எல்லாருகிட்டயும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பழைய முதலாளியின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மே 17, ஞாயிறு

வெயில். பந்தலுக்குள் தரை இன்னும் சேறு.

ஆராதனை முடிந்து வந்தால் வளைவின் கீழ் ஏணி. செ.யின் கக்கத்தில் சுருட்டிய பிளக்ஸ். கமிட்டி முழுவதும் என்னைச் சுற்றி நின்றது. கறிவாசம் வேறு.

"ஓய், நேராச் சொல்லும். நடு வட்டம் யாரு?"

யாருமில்லை என்றால் பத்துப் பேருக்கும் கோபம். ஒருவர் பேரைச் சொன்னால் ஒன்பது பேருக்கு.

"கீழ எழுதியிருக்குலா, வாசிச்சுச் சொல்லுகேன்" என்றேன். கண்ணாடியைத் துடைத்தேன். இன்னொரு தடவையும் துடைத்தேன்.

"வா... ங்... க..."

"அது எங்களுக்குத் தெரியும் வே!"

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். "சத்தம் போடாதீங்க, பெரியவர் வாசிக்காரு!" அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதற்குமேல் யார் பேசுவார்?

"இ... ரு..."

மணி அடித்தது. முதல் பந்தி. ஏணியைப் பிடித்தவர்தான் முதலில் ஓடினார். முதல் பந்தியில்தான் எலும்போடு நல்ல கறி விழும் என்பது ஊருக்கே தெரியும். பின்னால் பொ., அவருக்குப் பின்னால் எல்லோரும். பாய் போதவில்லை. தரையோ சேறு. செ. சுற்றிலும் பார்த்தார், சோற்று வாளியைப் பார்த்தார், பிளக்ஸை உதறி நீளமாக விரித்தார். கமிட்டி வரிசையாக உட்கார்ந்தது. அவரவர் முகத்தின் மேலேயே.

செலின் வாளியோடு பரிமாற வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். முதலாளிக்கு இன்னும் போன் செய்யவில்லையாம்.

நான் வளைவின் கீழேயே நின்று மூலை வரைக்கும் வாசித்து முடித்தேன். யாரும் கேட்கவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"மதி மாமா, வாசிச்சது போதும். கறி தீருது!"

போனேன்.