காற்றிலிருந்து தொண்ணூறு லிட்டர்

12 அக்டோபர் 2059, 17:00
வெப்பநிலை மைனஸ் 34. காற்று மிதம். காற்றாலைகள் நான்கும் சுற்றுகின்றன. டீசல் இருப்பு 40 லிட்டர்.

எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் உட்காரப்போகும் புண்ணியவானுக்கு: என் பெயர் வெயிலுமுத்து, ஊர் கோவில்பட்டி, வயது ஐம்பத்து மூன்று, வேலை பார்ப்பது அண்டார்டிகாவில். பெயரை நினைத்துச் சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இங்கே இருப்பது இரண்டே பேர். பனியை ஆராயும் டாக்டர் பிலோமினா, தூத்துக்குடி. அவளிடம் மின்சாரப் பனிவண்டி. என்னிடம் டீசல் பனிவண்டி, அந்த டீசலைச் செய்கிற இயந்திரம். காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி, உருக்கிய பனியிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, இரண்டையும் சூட்டில் சேர்த்தால் டீசல். எரித்தால் எடுத்த கரி அப்படியே காற்றுக்குத் திரும்பும். கூடுதலாக ஒரு பொட்டுப் புகை இல்லை. ஒரு நாளைக்கு முப்பது லிட்டர். வண்டி கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும். குளிர்காலம் முடிந்ததும் எந்த வண்டி தேறியது என்று தலைமையகம் முடிவு செய்யும். மின்சாரம் ஜெயித்தால் என் இயந்திரம் காயலான் கடைக்கு. நானும் கூடவே.

பிலோமினாவின் இன்றைய வானொலி வாழ்த்து: "அண்ணாச்சி, ஒரு வாளி தண்ணி கொண்டாரதுக்கு நாலு வாளியை வழியில கொட்டுத ஆளு நீங்கதான். அந்தக் கரண்டை நேரா என் வண்டிக்குக் குடுத்தா நான் ஊருக்கே போயிருவேன்."

கணக்குப்படி அவள் சொல்வது சரி. அதனால்தான் எரிச்சல்.

12 அக்டோபர், 17:30
இயந்திரத்தை நிறுத்தினேன். பதிவேட்டில் 'பராமரிப்பு' என்று எழுதியிருக்கிறேன். உங்களிடம் என்ன மறைக்க? நாளை மறுநாள் ஆயுத பூஜை. முப்பது வருஷ சர்வீஸில் அன்றைக்கு நான் ஸ்பானரைத் தொட்டதில்லை. ஆற ஒரு நாள், பூஜைக்கு ஒரு நாள், மறுபடி சூடேற ஒரு நாள். மூன்று நாள் உற்பத்தி போகும். போகட்டும், அதுவும் உழைத்த ஜீவன்தானே.

14 அக்டோபர், 10:15
பூஜை இனிதே முடிந்தது. சந்தனம், குங்குமம், பொரி எல்லாம் ஊரிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்தவை. எலுமிச்சம்பழத்துக்கு வழியில்லை, வண்டிக்கடியில் வைட்டமின் சி மாத்திரை வைத்து நசுக்கினேன். சாமி கோபித்துக்கொள்ளாது, அதற்கும் ஜலதோஷம் வரும் குளிர்தான்.

கொட்டகையிலிருந்து பிலோமினா: "என் வண்டிக்கும் ஒரு பொட்டு வையுங்க அண்ணாச்சி, பாவம், பொறாமையில வெந்து போவுது. மாதா ஒண்ணும் சொல்ல மாட்டா."

வைத்தேன்.

15 அக்டோபர், 07:30
நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கருவிக்கம்பத்தைச் சரிசெய்ய அவள் கிளம்பிவிட்டாள். இரண்டு நாளைக்கு வானிலை நல்லது என்று அறிக்கை.

நிலையத்தின் விதி ஒன்று சுவரில் தொங்குகிறது: ஒரு வண்டி தூரம் போனால், மற்றது அங்கே போய்த் திரும்பும் எண்ணெயோடு தயாராக நிற்கவேண்டும். வாசல் தாண்டும்போது கேட்டாள்: "அண்ணாச்சி, டாங்கியில தொண்ணூறு இருக்குல்லா?"

"இருக்கு தாயி, நீ போய்ட்டு வா" என்று சொல்லிவிட்டேன்.

இருப்பது நாற்பது. போன வாரம் காற்றில்லாத நாட்களில் ஜெனரேட்டர் குடித்தது போக மிச்சம். இல்லை என்று சொன்னால் பயணம் தள்ளிப்போகும், பூஜைக்கு இயந்திரத்தை நிறுத்திய கதையை ஒரு மாதம் ஓட்டுவாள். ஊரையே கிண்டல் பண்ணுகிற வாய் எனக்கு. என்னை ஒருத்தி கிண்டல் பண்ணினால் தாங்காது. இதோ இயந்திரத்தைச் சூடேற்ற ஆரம்பித்துவிட்டேன். அவள் வருவதற்குள் சரியாகிவிடும்.

15 அக்டோபர், 14:30
அறிக்கை பொய். புயல். வேகம் தாங்காமல் காற்றாலைகள் தாமாகவே பிரேக் போட்டு நின்றுவிட்டன. இயந்திரம் பாதிச் சூட்டில் நிற்கிறது.

பிலோமினா: "பேட்டரி முப்பத்தெட்டு சதவிகிதம் அண்ணாச்சி. குளிர் பாதியைத் தின்னுட்டு. எதிர்க்காத்துல திரும்ப முடியாது. நீங்க வந்து இழுத்துட்டுப் போங்க. எடுங்க உங்க புகைவண்டிய. இன்னைக்கு நீங்கதான் ஜெயிச்சீய, போதுமா?"

15 அக்டோபர், 14:55
சொல்லிவிட்டேன். நாற்பதுதான் இருக்கிறது என்று. ஏன் என்றும்.

 சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். "பூஜைக்கு லீவு விட்டீயளாக்கும்! நேர்ல வந்து வச்சுக்கிடுதேன் உங்களை."

நாற்பதோடு வருகிறேன், மிச்சம் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன் என்றேன்.

"இந்தக் காத்துலயா? அந்தத் தொப்பையோடயா? ரெண்டு பேரும் சாவதுக்கா? தொண்ணூறு ஆவாம நீங்க கிளம்பக் கூடாது. எனக்கு ஹீட்டர் ஓடுது, ஸ்லீப்பிங் பேக் இருக்கு. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன்.

15 அக்டோபர், 19:00
நிலையத்தின் சேமிப்பு மின்சாரம் முழுவதையும் இயந்திரத்துக்குத் திருப்பினேன். என் அறையில் இப்போது மைனஸ் 11. முதல் சொட்டு விழுந்தது. மணிக்கு ஒன்றேகால் லிட்டர். இன்னும் ஐம்பது வேண்டும். நாற்பது மணி நேரம்.

தலைமையகம்: "வானிலை தெளியும்வரை விமானம் இல்லை. குறைந்தது நான்கு நாள்."

16 அக்டோபர், 06:00
53 லிட்டர். கதை கேட்டாள். தலைமையக இயக்குநரின் பொய்முடி ஒரு விருந்தில் சாம்பார் வாளிக்குள் விழுந்த கதையைச் சொன்னேன். பாதி என் கற்பனை. சிரித்தாள். "சூடா இருக்கேன் அண்ணாச்சி. வேர்க்குது." குரல் இழுத்தது. வானொலிக் கோளாறு என்று நினைக்கிறேன்.

16 அக்டோபர், 13:00
62. "இன்னொரு கதை" என்றாள். சொன்னேன். நான் முடித்த பிறகு, "ம், சொல்லுங்க" என்றாள்.

16 அக்டோபர், 16:15
பதில் இல்லை.

16 அக்டோபர், 16:50
சத்தியத்தை மீறி 66 லிட்டரோடு கிளம்பினேன். பாதை காட்ட நட்டிருக்கும் கொடிகள் ஒன்றுகூடத் தெரியவில்லை. முந்நூறு மீட்டரில் பாதை தொலைந்தது. தட்டுத்தடுமாறித் திரும்பினேன். இரண்டு லிட்டர் வீண்.

நேற்று இரண்டரை மணிக்கு இந்தக் கொடிகள் தெரிந்தன. சாயங்காலம்வரை தெரிந்தன. ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். நான் நிறுத்திய மூன்று நாள் உற்பத்தி தொண்ணூறு லிட்டர். முப்பது மூணு தொண்ணூறு. பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும்.

17 அக்டோபர், 13:40
90. காற்று இறங்கிவிட்டது. நல்ல வெயில். கிளம்புகிறேன்.

தலைமையகத்திலிருந்து: "குளிர்காலச் சோதனையில் மின்சார வண்டி தோல்வி என்பது உறுதியாகிறது. உங்கள் எரிபொருளுக்கு ஒப்புதல் கிடைக்கும். தைரியமாக இருங்கள்."

17 அக்டோபர், 17:50. கருவிக்கம்பம்
அவள் வண்டிக் கதவு பனியில் ஒட்டியிருந்தது. உடைத்தேன்.

அவள் வண்டியின் திரை இன்னும் எரிகிறது. பேட்டரி பதினொரு சதவிகிதம். பதிவைப் பார்த்தேன். ஹீட்டர் நிறுத்தப்பட்டது 15 அக்டோபர், 15:05. நான் உண்மையைச் சொன்ன பத்தாவது நிமிஷம். அதற்குப் பிறகு போடவே இல்லை. வானொலி மட்டும் ஓடியிருக்கிறது. நாற்பது மணி நேரம் என்பதற்கு அவளும் கணக்குப் போட்டிருக்கிறாள். ஹீட்டர் ஓடினால் காலைக்குள் பேட்டரி தீரும். வானொலி ஊமையானால் நான் நாற்பது லிட்டரோடு ஓடிவருவேன். என்னை அவளுக்குத் தெரியும்.

சாம்பார் வாளிக் கதைக்கு அந்தக் குளிரில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள்

மூச்சில்லாத அவளைத் தூக்கி என் வண்டியில் உட்காரவைத்தேன். கனமே இல்லை. எஞ்சினை அணைக்கவில்லை. சும்மா நின்றாலும் மணிக்கு இரண்டு லிட்டர் குடிக்கும். திரும்பிப் போக நாற்பத்தைந்து வேண்டும், இருப்பது நாற்பத்தைந்து. உடனே கிளம்பவேண்டும். தெரியும்.

கேபினில் பதினெட்டு டிகிரி. அவள் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்திருக்கிறது. ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்