பலகையிலை இருந்த பேர்

என்ரை இஞ்சாருங்கோ,

உங்களுக்கு நான் எழுதுற முதல் கடிதம் இது. கலியாணத்துக்கு முதல் எழுத விடேல்லை. பிறகு ஒரே வீட்டிலை இருந்தம், எழுதத் தேவை வரேல்லை. இப்ப உங்கடை ஒரு வருச ஆட்டைத் திவசத்துக்கு அடிக்கிற நினைவுப் புத்தகத்திலை போட ஏதாவது எழுதித் தாங்கோ எண்டு எங்கடை மகள் சுகி கேட்டவள். ஐஞ்சாம் வகுப்போடை நிப்பாட்டின கை இது. பிழை இருந்தால் அவள் திருத்துவாள். நீங்கள் சிரியாதேங்கோ.

முதல் ஊர்ப் புதினம் சொல்லுறன். வீட்டுக்குப் பின்னாலை வயலிலை மஞ்சள் பூ பூத்து முடிஞ்சுது. இந்த முறை எங்கடை வேலி வரைக்கும் விதைச்சிருக்கினம், சன்னலைத் திறந்தால் குசினிக்குள்ளை தேனீ. காலமை ஓடுற பஸ்ஸை நிப்பாட்டிப் போட்டாங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையளின்ரை பஸ் மட்டும்தான், பள்ளிக்கூட லீவெண்டால் அதுவும் இல்லை. பாண் விக்கிற வான் இப்பவும் செவ்வாயும் வெள்ளியும் வருது. தண்ணிக் குளத்தை நெருப்பணைக்கிற பெடியள் வடிவாத் துப்பரவாக்கினவை.

உங்கடை கொட்டிலுக்குள்ளை கிடந்த புல்லு வெட்டுற மிசினெல்லாம் அவையவை வந்து எடுத்துக்கொண்டு போட்டினம். ஒரு பச்சை மிசின் மட்டும் மிச்சம். கேட்டால் எல்லாரும் தங்கடை இல்லையாம். அது ஆற்றை மிசின், சொல்லுங்கோ? பாதி கழட்டின படி கிடக்குது. நட்டெல்லாம் ஒரு யோகட் பேணிக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறியள். நான் அதைத் தொடேல்லை.

இந்த ஊரை நான் ஒரு நாளும் விரும்பினதில்லை எண்டு உங்களுக்குத் தெரியும், இந்தப் புத்தகத்தைப் படிக்கிற சனத்துக்கும் தெரியட்டும். அகதியாய் வந்து இறங்கின எங்களை இஞ்சை கொண்டுவந்து விட்டாங்கள். எங்களோடை வந்த மற்றக் குடும்பங்கள் விசா கிடைச்ச உடனை டோட்முண்ட் நகரப் பக்கம் போட்டுதுகள். அங்கை தமிழ்க்கடை, கோயில், கதைக்கச் சனம். நீங்கள் மட்டும் அசையேல்லை. பாண் பக்டரியிலை வேலை, சனிக்கிழமையிலை ஊருக்கு மிசின் திருத்துறது, பின்நேரம் வேலியிலை சாய்ஞ்சு கொண்டு வயலைப் பாக்கிறது. "அங்கை போய் என்ன செய்யப் போறீர்? இஞ்சை மூச்சு விடலாம்" எண்டு சொல்லுவியள். எனக்கெண்டால் இது வாயில்லாத ஊர். ஞாயிற்றுக்கிழமை ஒரு பேணி விழுந்தாலும் நாலு வீட்டுக்குக் கேக்கும்.

அந்த வாயில்லாத ஊர்தான் உங்களுக்கு ஒரு பேர் வைச்சது.

வந்த புதிசிலை நான் வளவுக்குள்ளை உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு உங்களைக் கூப்பிடுவன். எப்பிடிக் கூப்பிடுறது? புருசனின்ரை பேரைச் சொல்லலாமோ? "இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோ" எண்டுதான். முன்வீட்டு ஹைன்ரிச் அதைக் கேட்டுப்போட்டு அடுத்த நாள் தொப்பியைத் தூக்கி, "காலை வணக்கம், இஞ்சாரு!" எண்டார். எனக்கு முகம் எரிஞ்சது. "அது பேரில்லை எண்டு சொல்லுங்கோவன்" எண்டு உங்களுக்குச் சொன்னன். நீங்கள் சிரிச்சியள். "விடும். கூப்பிட்டால் நான் திரும்பிப் பாக்கிறன்தானே."

அதோடை சரி. பெரிய ஆக்களுக்கும் இஞ்சாரு, சின்னப் பிள்ளையளுக்கும் இஞ்சாரு. நத்தார்ப் பண்டிகை வாழ்த்து மட்டையிலையும் "இஞ்சாரு குடும்பத்துக்கு". நான் பிறாவ் இஞ்சாரு, திருமதி இஞ்சாரு. பதிவிலை இருக்கிற உங்கடை பேர் அரசாங்கக் காயிதத்துக்கு மட்டும். அதிலையும் முதல் நிக்கிறது மாமா, உங்கடை அப்பாவின்ரை பேர். "அப்பா செத்து எவ்வளவு காலம், அந்த மனுசனுக்கு இன்னும் காயிதம் வருது, பதில் போட ஏலாமல் நிக்குது" எண்டு நீங்கள் பகிடி விடுவியள்.

அந்தப் பகிடி எங்கை கொண்டு போய் விட்டதெண்டு கேளுங்கோ.

சுகி வீட்டை ரெண்டு நாள் நிண்டுட்டு வருவம் எண்டு போன இடத்திலை நீங்கள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தியள். ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேரமுதல் எல்லாம் முடிஞ்சுது. உங்களை அங்கை டோட்முண்டிலையே எரிச்சம். ஊருக்குச் சொல்ல வேணும் எண்டு நான் சுகிக்குச் சொன்னன். ஊர் வழமைப்படி பலகையிலை போட்டால் போதும் எண்டு அவள் செத்தவீட்டு அலுவல் பாக்கிற ஆக்களைக் கொண்டு அறிவித்தல் அனுப்பினவள். நெருப்பணைக்கிற வண்டி நிக்கிற கொட்டிலுக்குப் பக்கத்திலை, கண்ணாடி போட்ட பலகை. அதிலை செத்த ஆளின்ரை பேர், நேரம், இடம். வேறை ஒண்டும் இல்லை. அதைப் பாத்துட்டு இந்த ஊர்ச் சனம் கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு வரும். ஒருத்தர் தவறாது. நீங்களும் ஒண்டுக்கும் தவறினதில்லை. ஆற்றை செத்தவீடெண்டாலும் போய்க் கடைசி வரிசை வாங்கிலை இருந்திட்டு, கோப்பியும் கேக்கும் முடிச்சு வருவியள். நான் ஒண்டுக்கும் வந்ததில்லை. "எனக்கு அவையின்ரை பாசை விளங்காது, நீங்கள் போங்கோ" எண்டு வீட்டிலை நிண்டிட்டன்.

அண்டைக்கு மண்டபத்திலை எங்கடை சொந்தக்காரர் நிறைய வந்தவை. நான் உங்கடை முகத்தைப் பாத்ததை விட வாசலைத்தான் கூடப் பாத்தன். ஹைன்ரிச் வருவார் எண்டு பாத்தன். பக்கத்து வீட்டு ஹெல்கா இடுப்பு ஒப்பரேசன் செய்து உடம்பு தேற்ற வேறை ஊருக்குப் போட்டா, அவவுக்குத் தெரியாது, சரி. மற்றவை? நீங்கள் மிசின் திருத்திக் குடுத்த அத்தனை வீடு?

ஒருத்தரும் வரேல்லை.

அண்டைக்கு என்ரை மனம் என்ன பாடுபட்டது எண்டு உங்களுக்குச் சொல்லி விளங்காது. நீங்கள் போனதை விட அதுதான் பெரிசாய்க் குத்தினது. கறுப்பன் செத்தால் என்ன எண்டு விட்டிட்டாங்கள் எண்டு நினைச்சன். முப்பது வருசம் இந்த மனுசன் ஏமாந்து போச்சுதே எண்டு உங்களுக்காக அழுதன். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியும் வரைக்கும் சுகியோடைதான் நிண்டன். வீட்டை விப்பம், உங்கடை சாம்பலை டோட்முண்டிலை, சுகி வீட்டுக்குக் கிட்ட இருக்கிற சவக்காலையிலை மண்ணுக்குள்ளை தாப்பம் எண்டு முடிவு எடுத்தம். இஞ்சத்தைச் சட்டப்படி சாம்பலை வீட்டிலை வைச்சிருக்க ஏலாது, எங்கையாவது தாட்டுத்தான் ஆகவேணும்.

சாமான் கட்ட எண்டு என்னைக் கொண்டுவந்து இஞ்சத்தை வீட்டிலை இறக்கிப்போட்டுச் சுகி வேலைக்குப் போட்டாள். அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. பாண் வான் வந்து கோர்ண் அடிச்சுது. போகக் கூடாது எண்டுதான் இருந்தன். வீட்டிலை ஒரு துண்டு பாணும் இல்லை.

ஹைன்ரிச் எனக்கு முன்னாலை நிண்டவர். திரும்பிப் பாத்து வாயெல்லாம் பல்லாய், "பிறாவ் இஞ்சாரு! வந்திட்டியளோ! எங்கை உங்கடை மனுசன், இன்னும் லீவோ? என்ரை மிசின் அவனிட்டைத்தான் கிடக்குது. புல்லு முழங்காலுக்கு வந்திட்டுது, இனி மாட்டை அவிட்டு விட வேண்டியதுதான்" எண்டார்.

நக்கல் அடிக்கிறார் எண்டு நினைச்சன். எனக்குத் தெரிஞ்ச டொச்சுப் பாசையிலை, "அவர் செத்துப்போனார்" எண்டன்.

கையிலை இருந்த பாணைத் திரும்ப வானுக்குள்ளை வைச்சார். "எப்ப?"

"ஐஞ்சு கிழமை."

"ஐஞ்சு கிழமையோ! எங்களுக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னது. பலகையிலை போட்டது. நீங்கள் ஒருத்தரும் வரேல்லை."

"நான் ஒவ்வொரு நாளும் அந்தப் பலகையைப் பாக்கிறனான். இஞ்சாருவின்ரை பேர் அதிலை வரேல்லை."

எனக்கு அப்பத்தான் விளங்கத் தொடங்கினது. அவரின்ரை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனன். ஓம், நான்தான், ஒரு வெள்ளைக்கார ஆம்பிளையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு ஊர் றோட்டாலை போனன். பாண்காரன் பாத்துக்கொண்டு நிண்டான். அறிவித்தல் இன்னும் கண்ணாடிக்குள்ளை கிடந்தது, வெயிலிலை வெளிறிப் போய். நான் விரலை வைச்சுக் காட்டினன். ஹைன்ரிச் மூக்குக் கண்ணாடியைப் போட்டு எழுத்தெழுத்தாய் வாசிச்சார். முதல் மாமாவின்ரை பேர். பிறகு உங்கடை நீளப் பேர்.

"இதோ?" எண்டார். "பழைய விடுதியிலை இப்ப அரசாங்கம் கொண்டுவந்து வைச்சிருக்கிற அகதியளிலை ஆரோ எண்டு நாங்கள் நினைச்சம். டோட்முண்டிலை எண்டும் கிடந்தது…" தொப்பியைக் கழட்டினார். பிறகு கேட்டார், "அப்ப இஞ்சாரு எண்டால் ஆர்?"

எப்பிடி விளங்கப்படுத்துறது? அது பேரில்லை, எங்கடை ஆக்களிலை மனுசி புருசனின்ரை பேரைச் சொல்லாது, "இஞ்சை பாருங்கோ" எண்டு கூப்பிடும் எண்டு கையாலையும் வாயாலையும் சொன்னன்.

"அப்ப முப்பது வருசமாய் நான் அவனை 'இஞ்சை பார்' எண்டோ கூப்பிட்டது?"

"ஓம்."

ஹைன்ரிச் தொப்பியை முகத்திலை வைச்சுக்கொண்டு சொன்னார், "அவனும் ஒவ்வொரு முறையும் பாத்தவன்."

அண்டைக்குப் பின்நேரம் வாசல் மணி அடிச்சுக்கொண்டே இருந்தது. ஒவ்வொருத்தராய் கேக்கோடை வந்தினம். வைக்க மேசையிலை இடமில்லை. ஹெல்கா தடியை ஊண்டிக்கொண்டு வந்து என்னைப் பேசினா பேச்சு! "எத்தினை வருசமாய் வேலிக்கு மேலாலை கதைக்கிறம்! ஒரு நாள் எண்டாலும் இது அவரின்ரை பேரில்லை எண்டு சொன்னியோ? முட்டாள் மனுசி!" பேசிப்போட்டு என்னைக் கட்டிப்பிடிச்சு அவதான் கூட அழுதா. பிழை அவையிலையும் இருக்கு. ஒரு வெளிநாட்டுப் பேரைக் கண்டால் ஆர் எண்டு கேட்டிருக்கலாம்தானே? அதையும் ஹெல்காவுக்குச் சொன்னன். "ஓம், கேட்டிருக்க வேணும்" எண்டு தலையைக் குனிஞ்சா.

அவை போன உடனை சுகிக்கு ரெலிபோன் எடுத்தன். "அப்பாவை இஞ்சை கொண்டு வா" எண்டன்.

"அம்மா, உங்களுக்கு விசரே? இடம் எடுத்தாச்சு, வியாழக்கிழமை தாக்க நாள் குறிச்சு ரெர்மின் போட்டாச்சு."

"ரெர்மினை மாத்து."

"அங்கை ஆர் போய்ப் பாக்கிறது? உங்களுக்குக் கார் ஓட ஏலாது."

"நடந்து போவன். குளத்தைத் தாண்டினால் சவக்காலை."

"நீங்கள்தானே இந்த ஊர் வேண்டாம், வேண்டாம் எண்டு அப்பாவோடை ஒவ்வொரு நாளும் சண்டை பிடிச்சது!"

"ஓம், நான்தான். இப்ப சண்டை பிடிக்க ஆளில்லை. கொண்டு வா."

பிறகு, "சரியம்மா" எண்டாள். அண்டைக்கே ரெர்மினை மாத்தினவள்.

உங்களைக் கொண்டுவந்த அண்டைக்கு ஊர் முழுக்கக் கறுப்புக் கோட்டோடை நிண்டுது. என்ரை தம்பி தேவாரம் படிச்சான். விளங்காட்டிலும் அவை தொப்பியைக் கையிலை வைச்சுக்கொண்டு அசையாமல் நிண்டவை. இந்த ஊரிலை மண் போட முதல் செத்தவரின்ரை பேரைச் சத்தமாய்ச் சொல்லவேணும். வழக்கமாய் ஹைன்ரிச்தான் சொல்லுறவர். அண்டைக்கு அவர் காயிதத்தைப் பாத்தார், என்னைப் பாத்தார். "நான் பிழையாய்ச் சொல்லிப்போடுவன். இன்னொரு முறை அவனுக்குப் பிழையான பேர் வேண்டாம். நீங்கள் சொல்லுங்கோ" எண்டார்.

சுகி முன்னுக்கு வந்தவள், "நான் சொல்லுறன்" எண்டு. நான் அவளை மறிச்சன்.

அகதி விசாரணையிலை ஒருக்கால் என்னைக் கேட்டவங்கள், ஞாபகமோ? "புருசனின்ரை பேர்?" நான் பேனை கேட்டன். மொழிபெயர்த்த அண்ணை, "அக்கா, வாயாலை சொல்லவேணும், பதியிறாங்கள்" எண்டார். நான் வாயைத் திறக்கேல்லை. கடைசியிலை உங்களை உள்ளுக்குக் கூப்பிட்டு நீங்கள்தான் சொன்னது. விசாவே போனாலும் சொல்லாத பேர்.

சவக்காலையிலை சொன்னன்.

சிவபாதசுந்தரம்.

முதல் முறை காத்துத்தான் வந்தது, சத்தம் வரேல்லை. ரெண்டாம் முறை கேட்டுது. அவை எல்லாரும் திருப்பிச் சொல்லிச்சினம், ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி. ஹைன்ரிச் பாதியிலை நிண்டிட்டார். அது பேர் நீளமெண்டு இல்லை.

ஆயுள் குறைஞ்சு போகும் எண்டுதான் பேர் சொல்லாமல் இருந்தனான். உங்களைக் காப்பாத்துறன் எண்டு நினைச்சு நான் மறைச்சு வைச்ச பேராலைதானே உங்கடை செத்தவீட்டுக்கு ஊர் வரேல்லை? இதை நான் ஆரிட்டைக் கேக்கிறது? கோவமோ உங்களுக்கு?

வீட்டை விக்கேல்லை. சுகி மாதத்திலை ரெண்டு தரம் வாறாள்.

போன மாதம் குளத்தடி வீட்டுக் கிழவி செத்துப்போனா. உங்களிட்டை ஒரு மிசினும் திருத்தாத ஆள், என்னோடை ரெண்டு சொல்லும் கதைச்சதில்லை. நான் கறுப்புக் கோட் வாங்கினன், கை கொஞ்சம் நீளம். தனியப் போய்க் கடைசி வாங்கிலை இருந்தன். ஒருத்தருக்கும் அது புதினமாய்த் தெரியேல்லை, தள்ளி இருந்து இடம் விட்டவை.

இனி இந்த ஊரிலை ஆற்றை செத்தவீடெண்டாலும் நான் போவன், எங்கடை வீட்டிலையிருந்து, எங்கள் ரெண்டு பேருக்குமாய். காலமை நடக்கேக்கை பலகையடியிலை நிண்டு எழுத்துக் கூட்டி வாசிக்கிறன். விடுதியிலை இருக்கிற சனத்தின்ரை பேரோ, எந்த நாட்டுப் பேரோ, எனக்குத் தெரியாத பேர் ஒண்டு அதிலை வந்தால், அது ஆர் எண்டு கேட்டு அறியாமல் நான் வீட்டை திரும்ப மாட்டன். இது உங்களுக்கு நான் தாற சத்தியம்.

உங்கடை மனுசி,
சுகியின்ரை அம்மா,
பரமேசு