கோழிகளைக் கூப்பிடும் குரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ பதறுவாய். இருக்கிறோம் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் நான் ஏதாவது கடி ஜோக் சொல்வேன், நீ சிரிப்பாய், பிறகு "அப்புறம்?" "அப்புறம் நீதான் சொல்லணும்" என்று கொஞ்ச நேரம் உருட்டிவிட்டு வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் கோழிச் செய்தி. அம்மாவின் கோழிகளில் மிச்சம் ஐந்து. அம்மா போனதிலிருந்து ஒன்றும் சரியாக முட்டையிடுவதில்லை. இறகு உதிர்க்கிற காலம், தானாகச் சரியாகிவிடும் என்கிறார் தீவனக்கடை அக்கா. பரீட்சையில் முட்டை வாங்குவது நான், கூண்டில் முட்டை போடாதது அவை, ஆகமொத்தம் வீட்டுக்கு வரவேண்டிய முட்டை வந்துகொண்டுதான் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். முன்பென்றால் கழுத்தில் தொங்குகிற இன்ச் டேப்பை உருவி ஒரு வீசு வீசியிருப்பார். இப்போது துணியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஜோக் வீணாகப் போனது. எனக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போதெல்லாம் எதுவும் பெரிதாகத் தெரிவதில்லை. மரத்துப்போன கால்மேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. கால் இருக்கிறது, ஆனால் யாருடையதோ.

ஒருநாள் அப்பா, "இதுங்களை இனிமே யாரு பாக்கறது? கறிக்கடைக்காரர் கேட்டுட்டே இருக்காரு. குடுத்துடலாம்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன், இளங்கோழி நாலு வாங்கி விட்டால் முட்டைக்கு முட்டையும் ஆச்சு என்று பிடிவாதம் பிடித்தேன். மறுநாளே ஒரு கூடையில் நான்கு வந்துவிட்டன. பழுப்பு நிறம், முதல் முட்டைக்குக் காத்திருக்கிற வயசு. "ஒட்டிக்கிச்சுன்னா இருக்கட்டும். சண்டை போட்டுதுன்னா ஒம்போதையும் சேத்து அனுப்பிடுவேன். எனக்குச் சத்தம் தாங்காது" என்றார். ஆக, அம்மாவின் ஐந்து கோழிகள் உயிரோடு இருப்பதும் கறியாவதும் இந்த நாலு புது அட்மிஷன் கையில்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? பட்டப்பகலில் நான்கையும் நேராகக் கூண்டுக்குள் கொட்டிவிட்டார். அம்மா 'ஹெச்.எம்.' என்று பேர் வைத்தாளே, அந்தப் புள்ளிக்கோழி, அது ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்த்தது. அப்புறம் விழுந்தது பாரு கொத்து! இருப்பதில் சின்னதற்கு முதுகில் இறகு பிய்ந்து ரத்தம். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. டெய்லர் இல்லையா, உடனே வெட்டி, எலாஸ்டிக் வைத்து, இறக்கைக்கு இரண்டு ஓட்டை விட்டு, அதன் முதுகுக்கு ஒரு சட்டை தைத்துவிட்டார். துணி எது என்று கேள். எங்கள் ஸ்கூல் யூனிஃபார்ம் பிட்டு. நீலக் கட்டம். "பெல்ட்டும் ஷூவும் எப்பப்பா?" என்று கேட்டேன். கோழிகளுக்கு அந்தக் காமெடி புரியவில்லை. நீலக் கட்டத்தைக் கண்டதும் ஐந்தும் வெறி பிடித்த மாதிரி அதைத் துரத்தின. அப்பாவின் வாழ்க்கையில் இவ்வளவு மோசமாக ஒரு தையலுக்கு வரவேற்பு கிடைத்ததில்லை.

தீவனக்கடை அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டி, உன் வீட்டுக்குள்ள ஒருத்தி பெட்டியோட நேரா வந்து உன் கட்டில்ல படுத்தா நீ ஆரத்தியா எடுப்பே? முதல்ல தள்ளி வை. நோய் நொடி இல்லைன்னு தெரிஞ்சதும் நடுவுல வலையக் கட்டு. பாத்துக்கட்டும், தொட வேண்டாம்" என்றார். அப்படியே செய்தேன். சட்டையைக் கழற்றி, மஞ்சள் தடவி, காயம் ஆறுகிறவரை சின்னதைத் தனியாக வைத்தேன். வலைக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு. இளசுகளுக்கு முட்டைக்கோழித் தீவனம் ஆகாதாம், அதற்கு வேறு. ஸ்கூலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு சுற்று, வந்ததும் ஒரு சுற்று. நான் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலை செய்தேன் என்று சொன்னால் எங்கள் கிளாஸ் டீச்சர் மயக்கம் போட்டு விழுவார்.

வலையை எடுத்தேன். பகலில் பரவாயில்லை. சாயங்காலம் அடைகிற நேரத்தில் ஹெச்.எம். கூண்டு வாசலில் நின்றுகொண்டு ஒன்றையும் உள்ளே விடவில்லை. நான்கும் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு கத்தின. தினமும் இதே கதை. அப்பா ஜன்னலைச் சாத்தினார். பிறகு போனை எடுத்துக் கறிக்கடைக்காரரிடம் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் அதைச் செய்தேன். நான் அம்மா மாதிரி பேசி உன்னைப் போனில் எத்தனை தடவை ஏமாற்றியிருக்கிறேன். அதே குரலில், அந்தக் கடைசி இழுப்போடு, "ப்பா ப்பா ப்பா, வாங்கடி என் சீமாட்டிகளா" என்றேன். ஐந்தும் அப்படியே கழுத்தைத் தூக்கின. ஹெச்.எம். வாசலை விட்டுவிட்டு ஓடி வந்தது. கூண்டுக்குள்ளேயே தீவனத்தை நீளமாகத் தூவினேன். குனிந்த தலை நிமிரவில்லை. அந்தச் சந்தடியில் நாலும் உள்ளே வந்து ஓரமாகக் கொத்த ஆரம்பித்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

அப்போது உள்ளே இருந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே, அப்பா, அம்மாவிடம் கேட்கிற அதே பழக்கத்தில், "இந்தாம்மா, கருப்பு நூலை எங்க வெச்சே?" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை, அண்ணா. வாயில் அந்தக் குரல்தான் இருந்தது. "ரெண்டாவது டிராயர்லதான் இருக்கு, கண்ணைத் திறந்து பாருங்க" என்றேன்.

மெஷின் நின்றுவிட்டது. நான் கூண்டைச் சாத்திவிட்டு உள்ளே போனபோது டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருப்பு நூல் அதில்தான் இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பசித்தது. சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்காரர் சாக்கோடு வந்தார். "இல்லப்பா, ஒட்டிக்கிச்சுங்க" என்று அப்பா அவரை அனுப்பிவிட்டார். அதனால் கோழிகள் தப்பின. ஒன்பதும் இப்போது ஒரே கம்பில் அடைகின்றன.

ஆனால் அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு அப்பா ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்கதவுக்கு வந்துவிடுகிறார். "இன்னும் கூப்பிடலையா?" என்பார். கூப்பிடுவேன். என் முகத்தைப் பார்க்காமல், கொல்லையைப் பார்த்து ஏதாவது கேட்பார். மழை வருமா, நாளைக்கு என்ன சமைக்கலாம், இப்படி. நானும் அந்தக் குரலிலேயே பதில் சொல்வேன். குறும்பு என்றால் யாராவது கடைசியில் சிரிக்க வேண்டும். இதில் யாரும் சிரிப்பதில்லை, நிறுத்தவும் தெரியவில்லை.

நேற்று, "பெரியவன் போன் பண்ணானா?" என்று கேட்டார்.

உன்னைப் பற்றி எப்போதும் அம்மாவிடம்தானே கேட்பார். என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நீ என்னோடு பேசுவது அவருக்குத் தெரியும். அவர் கேட்டது அது இல்லை, நீ அவரை விசாரித்தாயா என்று. அம்மாவாக இருந்தால் "பண்ணான், உங்களைக் கேட்டான்" என்று சொல்லியிருப்பாள், பண்ணாவிட்டாலும். எனக்கு அந்தக் குரலில் அதைச் சொல்ல வரவில்லை. என் குரலில், "உங்களுக்குப் பண்ணலைப்பா" என்றேன். ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்று நானாகவே, என் தொண்டையில் கூப்பிட்டேன். இளசு நாலும்தான் முதலில் ஓடி வந்தன. அவற்றுக்கு அம்மாவைத் தெரியாதே. மற்ற ஐந்தும் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, அவற்றின் பின்னால் வந்தன. அப்பா வரவில்லை.

அண்ணா, அம்மாவை இன்னும் முன்னாடியே கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அவரிடம் சொன்னாய் இல்லையா, அதைத் திருப்பி எடுத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அது சரியோ தப்போ, எனக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை அவருக்குப் போன் போடு. சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். அவர் பதில் சொல்ல நேரமாகும். வைத்துவிடாதே. லைனிலேயே இரு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன்,
வாலு