பேருக்கு மூன்று மார்க்

கார்த்திகை 6, வெள்ளிக்கிழமை
ஆவுடையார்கோவில்

பினாங்கில் இருக்கும் மாப்பிள்ளை சந்தனத்துக்கு, மலையாண்டி சொல்லச் சொல்ல மேலவீட்டு சார்லஸ் எழுதுவது. நான் சுகம். உன் அக்காளுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும்.

போனில் பேசினால் உன் அக்காள் செவந்தி பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவள் காதில் விழக்கூடாத சேதி என்பதால் கடிதம். இங்கே கண்மாய் முக்கால்வாசி பெருகிவிட்டது. நடவு முடிந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில் மறதி நோய்க்குப் புது மருந்து சோதித்துப் பார்க்கிறார்கள், அக்காளைச் சேர்த்திருக்கிறேன் என்று வைகாசியில் சொன்னேன். எப்படிச் சேர்த்தேன் என்று சொல்லவில்லை. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாதாம். "அப்ப யாருக்குத்தாம்மா தெரியும்?" என்றேன். "கம்ப்யூட்டருக்குங்கய்யா" என்றார் டாக்டர் பிரகதீஸ்வரி அம்மா. எல்லாவற்றையும் அரைமணி நேரம் வாசித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார்கள்.

ஆனால் மறதி முற்றிப்போனவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அதற்கு ஒரு பரீட்சை. பதினெட்டு மார்க் வேண்டும். நம்மைப் போல் எழுத்து தெரியாதவர்களுக்குப் படம் போட்ட அட்டை வைத்திருக்கிறார்கள். பிளெஸ்ஸி என்கிற பெண் மலைப் படத்தைக் காட்டி, இது என்ன என்று கேட்டது. "பெரிய கல்லு" என்றாள் உன் அக்காள். மழை பெய்கிற படத்துக்கு, "வானம் ஊத்துது". பிறகு என்னைக் காட்டி, இவர் பெயர் என்ன என்றது. இவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மூன்றும் தப்பு. மொத்தம் பதினாறுதான்.

உனக்கு ஞாபகம் இருக்கும். எழுபத்து நாலு ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். அடுத்த தைப்பூசத்துக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு விராலிமலை போனோம். உனக்கு எட்டு வயது. டிக்கெட் எடுக்கச் சொன்னதற்கு அவள், "விராலிக்கு மூணு" என்றாள். கண்டக்டர், "விரால் வேணும்னா மீன் மார்க்கெட்டுக்குப் போ தாயி, இது முருகன் கோயில் வண்டி" என்றான். பஸ்ஸே சிரித்தது. என் பெயரில் மலை இருப்பதால் அதைச் சொல்ல மாட்டாள். நம் ஊர்ப் பேச்சில் மலையும் மழையும் ஒன்றுதானே, அதனால் மழையையும் விட்டுவிட்டாள். "அக்கா, வெளியே என்ன பெய்யுது?" என்று நீ எத்தனை தடவை வம்புக்கு இழுத்து அடி வாங்கியிருக்கிறாய்.

பரீட்சையில் அந்த மூன்றும் தப்பு என்றதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்பது வருசமாச் சொல்லாத பேரை ஒரு நிமிசத்துல சொல்லுன்னா எப்படிம்மா சொல்லுவா?" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். ஓரத்தில் காரணம் எழுதி, அந்த மூன்றுக்கும் பதிலாக வேறு கேட்டார். ஆடு சொன்னாள், கிணறு சொன்னாள். கூடப் பிறந்தவன் பெயரைக் கேட்டதற்கு, "சந்தனம். பச்சை முந்திரிக்கொட்டையைக் கடிச்சு வாயெல்லாம் வெந்து கெடந்த பய" என்றாள். பத்தொன்பது. சேர்த்துக்கொண்டார்கள்.

நேற்று ஆறாம் மாதப் பரீட்சை. கைதவறி பிளெஸ்ஸி பழைய அட்டைகளையே எடுத்துவிட்டது. நான் தடுக்க வாயெடுப்பதற்குள், உன் அக்காள் மலைப் படத்தைப் பார்த்து "மலை" என்றாள். அடுத்ததுக்கு "மழை". பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "மலையாண்டி" என்றாள். தெருவில் போகிற ஆளைச் சொல்வது போல.

பிளெஸ்ஸி கைதட்டியது. "தாத்தா, மூணும் சரி! மருந்து கேக்குது!" என்றது. அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு இல்லை, மாப்பிள்ளை. என் பெயரை அவள் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேசாமல் வந்திருக்கலாம். மார்க் கூடினது கூடினதாகவே இருந்திருக்கும். மனசு கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் போய், "அவ தேறலம்மா. நான் யாருங்கிறது விட்டுப்போச்சு, அதான் பேரு வந்துருச்சு" என்றேன். அந்தம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, இதற்கு இந்தத் தாளில் கட்டம் இல்லை, தனித்தாளில் எழுதிக்கொள்கிறேன் என்றார். விலகிக்கொள்வதென்றால் விலகலாம் என்றும் சொன்னார். இன்னும் ஆறு மாதத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன். அவளுக்கு விழுகிறது வெறும் மாத்திரையாகவே இருந்தாலும், நாளை வேறொருத்திக்காவது அது மருந்தாகட்டும்.

இன்று காலையிலிருந்து, "மலையாண்டி, தண்ணி குடுங்க", "மலையாண்டி, எங்க வீட்டுக்கு எப்பப் போறது?" என்று கேட்கிறாள். மரியாதைக்குக் குறைவில்லை. நானும் கூப்பிட்டதற்கு ஏன் என்று குரல் கொடுத்து, கேட்டதை எடுத்துக் கொடுக்கிறேன்.

உன்னை மட்டும் இன்னும் தம்பி என்றுதான் சொல்கிறாள். அந்த ஞாபகம் இருக்கும்போதே ஒரு நடை வந்துவிட்டுப் போ. வந்தால் நான் யார் என்று அவளிடம் ஒன்றும் விளக்க வேண்டாம். வாசலில் நின்று, அவளுக்குக் கேட்கிற மாதிரி உரக்க, "மச்சான்" என்று என்னைக் கூப்பிடு. இரண்டு மூன்று தடவை கூப்பிடு.

பிள்ளைகளுக்கு என் ஆசி. முருகன் உங்களுக்குத் துணையிருப்பான்.

இப்படிக்கு,
உன் அக்காள் வீட்டுக்காரன்
(கைநாட்டு)