ஆட்டை எங்க ஹஜரத் அறுக்கட்டும்

அடி சிட்டம்மா,

உம் புருஷனுக்குத் தூக்கு இல்லியாம், ஆயுள் தண்டனைதானாம்! சேதி கேட்டதும் தெருவுக்கே சர்க்கரை குடுத்தேன்.

அவரு எங்க வூட்டுக்காரரைக் குத்தினதைப் பத்தி இங்க எழுதமாட்டேன். எங்க வூட்டுக்காரரு இல்லாம ரெண்டு ரம்ஜான் போயிடுச்சி, அவ்ளோதான்.

கொழுந்தனார் நசுருதீன்தான் குதிக்கிறாரு. "இன்னா பாபி, உசுருக்கு உசுரு வேணாமா? கருணை மனுவுல நீங்களே கையெழுத்துப் போடுவீங்களா?"ன்னாரு.

"உசுருக்கு உசுரு கேக்கறதுக்கும் வேதத்துல இடம் கீது. மன்னிக்கிறதுதான் ஒசத்தின்னு அடுத்தாப்புலயே வருதே, அதுக்குள்ள தூங்கிட்டீங்களா?"ன்னேன். டீயை எடுத்துக் குடிச்சாரு.

நீ இன்னாத்துக்கு இன்னும் மாகறல்ல அம்மா வூட்டுல ஒளிஞ்சிக்கினு கீற? அவரு பொழைச்சா ஆடு வெட்டி ஊருக்கே சோறு போடறதா மாரியாத்தாவுக்கு வேண்டிக்கினியாமே. அதை நம்ம உத்திரமேரூர்லதான் செய்யணும். ஆத்தாளுக்குப் பொங்கல் வை, சேவல் குடு. ஆட்டை மட்டும் ஆத்தாளுக்குப் படைக்காம தனியா வெச்சி, எங்க பள்ளிவாசல் ஹஜரத்தைக் கூப்பிட்டு அறுக்கச் சொல்லு.

வேற யாரு அறுத்தாலும் நான் சாப்பிட முடியாதே. அன்னைக்கு உன் பக்கத்துல எலை போட்டுக் குந்தணும்டி எனக்கு.

ஈரல் எனக்குத்தான்னு இப்பவே சொல்லிட்ட,
உன் எதிர்வூட்டுக்காரி