புறா இருக்கா என்று கேட்டார்கள்

அப்பா,

இன்று காலை பீரோவின் மேலிருந்து உன் ஸ்கேன் படங்கள் இருக்கும் கவரை எடுத்தேன். ஸ்டூலில் ஏறி இழுத்தபோது தூசியும் சேர்ந்து முகத்தில் விழுந்தது. காய்ந்த கம்பு தானியமும் இறகும் கலந்த வாசனை. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது, கவருக்குள் அது இன்னும் அப்படியே இருக்கிறது.

உடனே இருமல் வந்தது. பீரோவைப் பிடித்துக்கொண்டு இருமினேன். உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. நான் இருமி முடிக்கும்வரை நின்றிருந்து, பிறகு மறுபடி ஆரம்பித்தது.

இந்த இருமல் இரண்டு மாதமாக இருக்கிறது. போன வாரம் உன்னைப் பார்த்த டாக்டரம்மாவிடமே அம்மா என்னைக் கூட்டிப் போனாள். அவர் என் முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "ஸ்கேன் எடுத்துடலாம். வரும்போது அப்பாவோட படத்தையும் கொண்டு வாங்க" என்றார். இன்று பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அங்கே என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் கேட்ட அதே கேள்வி. என்ன பதில் சொல்வது என்றுதான் ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கவரில் முதலில் இருப்பது எக்ஸ்ரே. எடுத்து மூன்று வருடம் இருக்கும். நான் அப்போது ஒன்பதாவது. உனக்கு வறட்டு இருமல் விடாமல் இருந்தது. நம் தெருவில் ஒருவர் ஒரு மாதம் இருமினால் எல்லாரும் ஒரே நோயைத்தான் நினைப்பார்கள். ஆனால் வாயால் சொல்லமாட்டார்கள். அம்மா உன் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். நீ பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாய்.

எக்ஸ்ரே வாங்கிக்கொண்டு குரோம்பேட்டை பஸ் ஸ்டாப்பில் நின்றோம். உனக்கு வீடு போகும்வரை பொறுமை இல்லை. கவரிலிருந்து உருவி வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய்.

"பாரு பாப்பா, ஒரு புள்ளி இல்ல. கண்ணாடி மாரி கீது."

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இன்னாண்ணா, டிபி இல்லியா?"

"நம்மகிட்ட வருமா அதெல்லாம்? சுத்தம்!"

"அப்போ மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பி இருமுறத நிறுத்து. பூவெல்லாம் பறக்குது" என்றாள். நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறியது.

அன்று பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அம்மா டம்ளரைப் பழைய இடத்தில் வைத்தாள். டிபி இல்லை என்றால் ஒன்றுமே இல்லை என்று மூன்று பேரும் நினைத்தோம். கையைக் கழுவிவிட்டு நீ நேராக மாடிக்குத்தான் போனாய்.

நீ வேலை பார்த்த திருமுடிவாக்கம் கம்பெனியில் மெஷின் வந்து இறங்கிய மரப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, நீயே அடித்த புறாக்கூண்டு அங்கே இருந்தது. இருபத்திரண்டு பந்தயப் புறாக்கள். திண்டிவனத்தில் கொண்டுபோய் விட்டால், நீ ரயிலில் திரும்பி வருவதற்குள் அவை வந்து உட்கார்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கூண்டு சுத்தம் செய்யும் நாள். நீ தகரத்தால் எச்சத்தைச் சுரண்டுவாய். வெள்ளைத் தூள் வெயிலில் புகை மாதிரி நிற்கும். நான் முறம் பிடிப்பேன். அன்று சாயங்காலம் உனக்குக் குளிரும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும். மறுநாள் மத்தியானம் போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். ஒருமுறை அரக்கோணத்தில் அத்தை வீட்டில் ஐந்து நாள் இருந்தாய். அங்கே நீ ஒருதடவைகூட இருமவில்லை என்று அத்தை சொன்னாள். இரண்டையும் சேர்த்து யோசித்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லவில்லை.

இருமல் கூடியது. தெருமுனை கிளினிக்கில் என்ன வேலை என்று கேட்டார்கள். கிரைண்டிங் என்றாய். "அப்ப அந்த இரும்புத் தூசிதான், வேலையை விடுங்க" என்றார்கள். அதில் நமக்குச் சந்தேகமே வரவில்லை. நீ வேலையை விட்டாய். அதே மாதம் நானும் பத்தாவதோடு நின்றேன். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் கூடுதல் நேரம் பார்க்க ஆரம்பித்தாள். உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. இனி யாரும் என்னை எழுப்பி நிறுத்தமாட்டார்கள் என்று நினைத்தேன்.

தூசிக்குப் பயந்து வேலையை விட்ட நீ, காலை முதல் சாயங்காலம் வரை கூண்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாய். முதலில் மாடிப்படியில் ஒரு தடவை நின்று ஏறினாய். பிறகு மூன்று தடவை. உன் விரல் நுனிகள் உருண்டு, நகம் வளைந்துகொண்டு வந்தது. "இது இன்னா, என் கையே எனக்குப் புதுசா கீது" என்று நீட்டிக் காட்டினாய்.

கவரில் இரண்டாவது, முதல் சி.டி. ஸ்கேன். அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் நான்தான் உன்னோடு வந்தேன். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே மைக்கில் சொல்வது கேட்டது. "மூச்ச இழுத்துப் பிடிங்க." கொஞ்சம் கழித்து, "இப்ப முழுசா வெளிய விட்டுட்டு அப்படியே நில்லுங்க." நான் மனதுக்குள் எண்ணினேன். மூன்று வருவதற்குள் நீ இருமினாய். மறுபடி சொன்னார்கள். மறுபடி மூன்று.

கடைசியில் படம் பார்க்கிற டாக்டரே எழுந்து வெளியே வந்தார்.

"ஐயா, வீட்டுல புறா, கோழி, கிளி ஏதாச்சும் இருக்கா?"

"ஏன் சார்?"

"மூச்ச வெளிய விட்டா நுரையீரல் படத்துல வெளுக்கணும். உங்களுக்கு அங்கங்க கறுப்பாவே நிக்குது. காத்து உள்ள மாட்டிக்குது. சில பேருக்குப் பறவையோட எச்சத் தூள் ஒத்துக்காது. உடம்பு அத எதிரின்னு நினைச்சு சண்ட போடும். அந்தச் சண்டையில நுரையீரலே கெட்டுப்போகும்."

"அய்ய, அதெல்லாம் இல்ல சார். வாடகை வூடு. ஒரு நாய்க்குட்டிகூட கெடையாது."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

உன் காலருக்குப் பின்னால் சின்னதாக ஒரு சாம்பல் இறகு ஒட்டியிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து தெரியாது. எனக்குத் தெரிந்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாய்: "சொன்னா அதுங்கள அனுப்பிடச் சொல்லுவாங்க பாப்பா. வேலையும் போச்சு. அதுங்களும் போச்சுன்னா எனக்கு இன்னா கீது?" நான் கையை நீட்டி அந்த இறகை எடுத்தேன். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வீடு வரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் இருமல் அடங்கியது. பிரியாணி வாங்கவில்லை, ஆனாலும் அம்மா பழையபடி பேச ஆரம்பித்தாள். மாத்திரையைக் குறைத்ததும் எல்லாம் திரும்பி வந்தது. முன்பைவிட மோசமாக. ஆறு மாதம் இப்படியே போனது. அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போவதற்கு முன்னால், ஒரு சின்னத் தாளில் பென்சிலால் எழுதிக் கவருக்குள் படத்தோடு சேர்த்து வைத்தேன். "எங்கள் வீட்டு மாடியில் 22 புறாக்கள் இருக்கின்றன."

அவர் படத்தை உருவியபோது தாள் மேஜையில் விழுந்தது. படித்தார். உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத அன்னைக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மீதியை நான் தினமும் ஒவ்வொரு விதமாக முடித்துப் பார்க்கிறேன்.

ஆட்டோவில் நீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தாய். என்னைத் திட்டப்போகிறாய் என்று நினைத்தேன். தெரு முனை திரும்பும்போது சொன்னாய்: "எழுத்து நல்லா கீது பாப்பா. உன்ன ஸ்கூல்லேர்ந்து நிறுத்தியிருக்கக் கூடாது."

அந்த வாரமே ராஜகீழ்ப்பாக்கம் சேகர் மாமா வந்து எல்லாப் புறாக்களையும் பெட்டியில் அடைத்து எடுத்துப் போனார். அவரும் புறாக்காரர்தானே, பத்து நாள் அடைத்து வைத்துப் பழக்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தாராம். அன்று மத்தியானம் நம் மாடி சிமெண்ட் ஷீட்டில் டக் டக் என்று கால் சத்தம். பதினான்கு புறாக்கள்.

சேகர் மாமா போன் செய்தார். "இன்னா மச்சான், கட்டிக்குடுத்த வூட்ல ஒரு நாள்கூட நிக்கல, பொறந்த வூட்டுக்கே வந்துட்டாளுங்களா?"

"நா கூப்பிடலடா" என்றாய். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். "பாப்பா, நா கூப்பிடலன்னு டாக்டரம்மாகிட்ட நீயே எழுதிக் குடுத்துடு."

அவற்றை இன்னும் தூரமாகக் கொண்டுபோய் விட்டுப் பார்த்தோம். வீட்டுக்கு வரத்தான் நீ அவற்றைப் பழக்கியிருந்தாய். அதை மறக்கடிக்க உனக்கே தெரியவில்லை. நீ மாடி ஏற முடியாத பிறகு, கூண்டைக் கூட்டிப் பெருக்கியது நான்.

மூன்றாவது படத்தில் உன் நுரையீரல் தேன்கூடு மாதிரி இருந்தது. டாக்டரம்மா விரலால் தொட்டுக் காட்டினார். "இது தழும்பு. இனிமே மாறாது." போன மழைக்காலத்தில், ஆக்ஸிஜன் சிலிண்டரில் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே நீ போனாய். காரியம் முடிந்த மறுநாள் அம்மா சுத்தியலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கூண்டை உடைத்தாள்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். கூண்டு போனாலும் ஒன்பது புறாக்கள் வருவதை நிறுத்தவே இல்லை. காலையில் அம்மா வேலைக்குப் போன பிறகு, நான் துணிக்கடை வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் தினமும் வந்து ஷீட்டில் நடக்கின்றன. நான் கம்பு போடுகிறேன். அவற்றின் எச்சத்தை அம்மா பார்த்துவிடக் கூடாது என்று உடனே கூட்டி அள்ளுகிறேன். தெரியாமல் செய்யவில்லை அப்பா. உன் படங்கள் மூன்றையும் பார்த்தவள் நான். அவற்றையும் அனுப்பிவிட்டால் நீ இருந்த மாடியில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. நீ பஸ்ஸில் சொன்னதைத்தான் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று ஸ்கேன் எடுக்கும் இடத்தில் அதே பெஞ்சு. அம்மா என் காதோரம் குனிந்தாள். "பழசெல்லாம் கிளறாதடி. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க இன்னா சொல்லுவாங்க? கூண்ட ஒடச்சாச்சு. இல்லன்னு சொல்லிடு, சரியா?"

பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனேன். மேலே ஒரு வட்டம், அதற்குள் படுக்கை நகர்ந்தது. மைக்கில் அதே வார்த்தைகள். மூச்சை முழுக்க வெளியே விட்டு நின்றேன். எண்ணினேன். எட்டில் தொண்டை அரித்தது. ஒன்பதில் விடுங்க என்றார்கள். இதே படுக்கையில்தானே நீ மூன்றைத் தாண்ட முடியாமல் கிடந்தாய்.

நான் உடை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் அந்த டாக்டரே எழுந்து வெளியே வந்தார். படத்தில் ஒன்றும் இல்லையென்றால் அவர் ஏன் வரவேண்டும்? அவருக்கு என்னை நினைவில்லை.

"வீட்டுல புறா, கோழி ஏதாச்சும் இருக்கா?"

"இல்ல சார்" என்றாள் அம்மா. "எப்பவோ இருந்துச்சு. இப்ப ஒண்ணுமே இல்ல."

"நீ சொல்லும்மா."

வகுப்பில் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"இருக்கு சார்" என்றேன். என் குரலில் நானே கேட்டிராத சத்தம். பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இப்பவும் ஒம்போது வருது. நான்தான் தெனமும் கம்பு போடுறேன். எச்சத்தையும் நான்தான் கூட்டுறேன். எங்கப்பா வளத்தாரு. இதே எடத்துல உங்ககிட்ட இல்லன்னு சொன்னோம் சார். நானும்தான் சொன்னேன்."

அம்மா கையை விட்டுவிட்டாள். டாக்டர் என் கையிலிருந்த உன் கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடுவதற்குள், உன் மூன்றாவது படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டுவதைப் பார்த்தேன். பக்கத்திலிருந்த திரையில் என்னுடையது இருந்தது. இரண்டையும் அவர் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் திங்கட்கிழமை தருவார்களாம்.

வீட்டுக்கு வந்ததும் கம்பு டப்பாவை அம்மாவிடம் நானே எடுத்துக் கொடுத்தேன். அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள்.

காலையில் போடாததால் அவை இப்போது வந்திருக்கின்றன. தலைக்கு மேலே ஷீட்டில் நடக்கிற சத்தம் கேட்கிறது. ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகின்றன, மாடிக் கதவுக்கு நேராக வந்து நிற்கின்றன, மறுபடி நடக்கின்றன. நான் கூப்பிடவில்லை அப்பா. கதவையும் திறக்கவில்லை. மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஸ்கேன் எடுத்த இடத்தில் சொல்லிக் கொடுத்த மாதிரி அப்படியே நின்று எண்ணிப் பார்த்தேன்.

ஏழு வரைக்கும்தான் முடிந்தது.