ஓடைக்கு அப்பால் நிற்கும் வெள்ளாட்டுக் கிடை

அனுப்புநர்:
விவசாயி ஒருவன்,
புளியங்கரைப்பட்டி,
கொடைரோடு வழி.

பெறுநர்:
கால்நடை டாக்டர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: ஆட்டம்மையை மறைத்து, நோயில்லாத கிடையின் மேல் பழி போட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இத்தனை நாள் மேலிடத்துக்குத் தெரிவிக்காமல் இருந்துவிட்டேன். இனியும் எழுதாமல் இருப்பது குற்றத்துக்கு உடன்படுவதாகும்.

1. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் தண்டாயுதபாணியின் வெள்ளாடுகளுக்குத் தை மாதம் அம்மை கண்டது. உதட்டிலும் காதிலும் மடியிலும் கொப்புளம். மடி புண்ணானதால் தாயாடுகள் குட்டிகளை அண்டவிடவில்லை. தடுப்பூசியுடன் வந்த ஊழியரை, "ஆத்தா எறங்கியிருக்கா, ஊசி குத்துனா கோவிச்சுக்கிருவா" என்று வாசலோடு திருப்பி அனுப்பினார். கொட்டகையில் வேப்பிலை கட்டி, அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றும்வரை வெளியே சொல்லக் கூடாது என்றார். ஆனால் அந்த ஆடுகளைப் பொது மேய்ச்சலுக்கு ஓட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. இன்று தெருவுக்குத் தெரு ஆடு சாகிறது.

2. தொப்பம்பட்டி முத்துப்பேச்சி, கணவர் இறந்தபின் தாமே மந்தையை ஓட்டுகிறவர். ஆண்டுதோறும் அறுப்பு முடிந்ததும் வந்து, உரத்துக்காக என் வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார். மாசியில் அவர் வந்தபோது, நோயைக் கொண்டுவந்ததே அவர்தான் என்று தலைவர் ஓடைக்கு அப்பால் தடுத்து நிறுத்தினார். "ஏனுங்க, ஒரு கொப்புளமாச்சும் இருந்தாக் காட்டுங்க" என்று அவர் கேட்டார். ஒருவரும் ஓடையில் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

3. இப்பத்தி தங்கள் பார்வைக்கு மட்டும். ஊர்ச்சாவடியில் நான் முத்துப்பேச்சிக்காகப் பரிந்து பேசினேன். "படிச்சவருக்குக் கிடை மேல அம்புட்டு ஆசையா, கிடைக்காரி மேலயா?" என்றார் தலைவர். சாவடியே சிரித்தது. என் வாய்க்காலை அடைத்த நாள்முதல் அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆயினும் அவர் கேட்டது பொய் என்று எழுத மாட்டேன். கிடை வந்திருக்கும் நாட்களில்தான் என் வயற்காட்டில் பேச்சுக்குரல் கேட்கும். "இங்க மழை எப்படிங்க?" என்பார் முத்துப்பேச்சி. அதற்குப் பதில் சொல்வதற்காகவே ஆண்டு முழுவதும் வானத்தைப் பார்த்துவைப்பேன்.

4. ஆகையால் தாங்கள் நேரில் வந்து, ஊரார் முன்னிலையில் முத்துப்பேச்சியின் ஆடுகளைப் பரிசோதித்து, நோயில்லை என்று அறிவித்து, ஓடைக்கரையிலேயே தடுப்பூசி போட வேண்டுகிறேன். தலைவரின் ஆடுகளைப் பட்டியில் அடைக்க உத்தரவிட வேண்டும். அம்மை ஓயும்வரை முத்துப்பேச்சியின் கிடையை ஊருக்குள் விடவேண்டாம். நான் அழைத்தால் வந்துவிடுவார். வந்தால் அந்த ஆடுகளும் சாகும். இவ்வாண்டு என் வயல் வெறுமனே கிடக்கட்டும். ஆனால் பழியோடு திரும்பினால் அவர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார். அது மட்டும் நேராமல் காத்தருள வேண்டும்.

இடம்: புளியங்கரைப்பட்டி
நாள்: 12-3-1958

இப்படிக்கு,

பெயரில்லாத மனுவை ஒதுக்கிவிடுவார்கள் என்பதை அறிவேன். ஆயினும் பெயர் இருந்தால், விசாரணைக்கு வருகிறவர் அதைச் சாவடியில் வாசிப்பார். அதன்பின் ஊரார் ஆடுகளைப் பார்க்கமாட்டார்கள், முத்துப்பேச்சியைத்தான் பார்ப்பார்கள். ஆகவே கையொப்பமிடாமலே தபாலில் சேர்க்கிறேன்.